ஸ்டார்ட் பெட்டியில் வைத்த பொட்டு

சிவசாமி வண்டியை எப்போதும் இறக்கத்தில்தான் நிறுத்துவார். எங்கள் தோட்டத்து டிஸ்பென்சரிக்கு மேலே பாதை திரும்பும் இடத்தில், மூக்கு பள்ளத்தைப் பார்த்தபடி அந்த வெள்ளை அம்புலன்ஸ் நிற்கும். முன் சில்லுக்கு அடியில் ஒரு கல் இருக்கும். யாராவது ஓடி வந்தால் கல்லைக் காலால் தட்டிவிட்டு ஏறி உட்காருவார். வண்டி தானாக உருளும். இரண்டாவது வளைவுக்குள் இஞ்சின் இருமிக்கொண்டு உயிர் பெறும். அக்கரப்பத்தனைப் பக்கத்துக் குளிரில், அந்தப் பழைய வேனைச் சாவி போட்டு மட்டும் கிளப்ப முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும்.

அவர் தொண்ணூறாம் ஆண்டில் தேயிலை லொறியில் கிளீனராக ஏறியவர். ஆறு வருடம் கொழும்புக்கும் தோட்டத்துக்கும் பெட்டிகளோடு போய் வந்து, பாதைச் சிங்களம் பழகி, லைசென்ஸ் எடுத்து, தொண்ணூற்றாறில் அம்புலன்ஸுக்கு வந்தார். வேனை அவர் 'அது' என்று சொல்லி நான் கேட்டதில்லை. "அவங்களுக்கு இன்னைக்கு நெஞ்சுச் சளி" என்பார். "அவங்க லிந்துலை ஏத்தத்துல கொஞ்சம் கோவிச்சுக்குவாங்க." வண்டிக்குள்ளேயே பிறந்த பிள்ளைகள் பதினாறு பேர். அந்தப் பதினாறு பேருக்கும் தாய்மாமன் தான்தான் என்று சொல்லிக்கொள்வார். வேகமாகப் போகச் சொல்கிறவர்களை மட்டும் அவருக்குப் பிடிக்காது.

2002இல் ஒரு மழை நாளில் அந்தக் கல் நழுவியது. ஆளில்லாமல் உருண்ட வேன் இரண்டு நிரை தேயிலையை மிதித்துவிட்டு ஒரு சவுக்கு மரத்தில் போய் முட்டி நின்றது. யாருக்கும் அடியில்லை. ஆனால் புதிதாக மேனேஜராக வந்திருந்த துரை, இனி வண்டி டிஸ்பென்சரி முற்றத்துக் கொட்டகையில்தான் நிற்க வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். முற்றம் பாதையைவிடத் தாழ்ந்த சமதரை. அங்கிருந்து எந்தப் பக்கம் போனாலும் முதலில் ஏற வேண்டும்.

அதற்குப் பதிலாக அவர் கொடுத்ததுதான் ஸ்டார்ட் பெட்டி. மஞ்சள் நிறப் பிளாஸ்டிக், தூக்கப் பிடி, பக்கத்தில் சிவப்பும் கறுப்புமாக இரண்டு பெரிய கிளிப்புகள். உள்ளே ஒரு பெட்டரி. கிளிப்புகளை வேனின் பெட்டரியில் மாட்டி, பெட்டியில் இருக்கும் திருகியைத் திருப்பினால், இரண்டு பெட்டரியும் சேர்ந்து இஞ்சினைச் சுற்றும். உள்ளே சக்தி இருந்தால் பச்சை லைட் எரியும். கரன்டில் போட்டு வைத்தால் தானாக நிரம்பிக்கொள்ளும். சிவசாமிக்கு முதலில் அதன் மேல் நம்பிக்கை இல்லை. இரண்டு மாதத்தில் அது இல்லாமல் முடியாது என்றானது.

2004 ஆவணியில் பச்சை லைட் எரியாமல் போனது.

அவர் ஆபீசுக்குத் துண்டு எழுதிக் கொடுத்தார். பார்க்கலாம் என்றார்கள். வேறொரு சமயமாக இருந்தால் அவரும் பார்க்கலாம் என்று இருந்திருப்பார். ஆனால் அவர் ஒரே மகள் பூரணிக்கு அப்போது ஏழு மாதம். கணவன் கொழும்பில் ஒரு கடையில் வேலையாக இருந்ததால் பிரசவத்துக்காகத் தாய் வீட்டுக்கு வந்திருந்தாள். கிளினிக்கில் பார்த்த டொக்டர், பிள்ளை குறுக்கே கிடக்கிறது என்றார். திரும்பாவிட்டால் ஒப்பரேஷன்தான். திகதிக்கு முன்னால் நுவரெலியா ஆஸ்பத்திரியில் வந்து படுக்க வேண்டும். அதற்குள் வலி கண்டால் இரண்டு மணித்தியாலத்துக்குள் கொண்டுவந்துவிட வேண்டும். தாமதித்தால் பிள்ளையும் இல்லை, தாயும் இல்லை. டிஸ்பென்சரியில் எழுத்து வேலை பார்த்த, எல்லோரும் 'பாப்பா' என்று கூப்பிடும் நான்தான் டொக்டர் எழுதிய அந்தச் சிங்களக் குறிப்பைச் சிவசாமிக்கு வாசித்துச் சொன்னேன். அவர் இரண்டாம் முறையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு கொட்டகைக்குப் போய்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஃபெக்டரிப் பட்டறைக்கு நடந்தார்.

பட்டறையில் பிட்டர் வேலை பார்த்தவர் அழகுமுத்து, அவருடைய பால்ய சிநேகிதர். இருவருமாகத் திருகாணிகளைக் கழற்றிப் பெட்டியைத் திறந்தார்கள். பழைய பெட்டரி உப்பிப் போய்ச் சுவரோடு இறுகிக் கிடந்தது. கறுப்பு வயரை முதலில் கழற்றி, பிறகு சிவப்பைக் கழற்றி, தட்டையான திருப்புளியால் நெம்பித்தான் வெளியே எடுக்க முடிந்தது. அதே அளவில், எப்படிக் கிடந்தாலும் ஒழுகாதபடி அடைத்து மூடிய பெட்டரி ஹட்டனில் எந்தக் கடையிலும் இல்லை. அழகுமுத்து கடைசியில் ஒரு மோட்டார் சைக்கிள் பெட்டரியோடு பஸ் இறங்கினார். அது உள்ளே அசிட் தண்ணீர் ஆடும் வகை.

"கடைக்காரன் என்ன சொன்னான் தெரியுமா மச்சான்? பொஞ்சாதியக் கூடப் படுக்க வைக்கலாமாம், இதப் படுக்க வைக்கக் கூடாதாம். எப்பவும் நிமிந்தே நிக்கணும்."

"எம் பொஞ்சாதி மாதிரின்னு சொல்லு" என்றார் சிவசாமி.

"இன்னொன்னு. இதுக்கு மூச்சுக் குழா இருக்கு பாரு. அது வெளிய வரணும். பெட்டியில ஒரு ஓட்டை போடுறேன்."

"ஓட்டையா? இது தொர குடுத்த சாமான். அடியில நம்பர் அடிச்சிருக்கு. நாளைக்கி எங்கடா ஓட்டை வந்துச்சுன்னு கேட்டா நீயா பதில் சொல்லுவ?"

அழகுமுத்து துளைக்கருவியைக் கீழே வைத்துவிட்டார். அந்தச் சிறு குழாயை மடித்து உள்ளேயே விட்டார்கள். பெட்டரி கொஞ்சம் குட்டையாக இருந்ததால் பழைய டியூப் ரப்பரை வெட்டி இடைவெளியை அடைத்தார்கள். மூடியைத் திருகினார்கள். பச்சை லைட் எரிந்தது. மறுநாள் காலை வேன் இரண்டாவது திருப்பிலேயே பிடித்துக்கொண்டது.

"பொண்ணு வயித்துல புள்ள குறுக்க கெடக்கு. இவரு பெட்டிக்கு வைத்தியம் பாத்துட்டுத் திரியிறாரு" என்று சிவசாமியின் மனைவி பேச்சியம்மா லயத்து வீட்டு வாசலில் நின்று சத்தமாகச் சொன்னார். சிவசாமி சிரித்தார். அடுத்த ஆறு வாரமும் யார் அந்தப் பெட்டியைத் தொட்டாலும், "நிமித்தி வைங்க, நிமித்தி வைங்க" என்று சத்தம் போட்டபடி இருந்தார்.

ஆயுதபூசை வந்தது. பூரணி ஆஸ்பத்திரியில் போய்ப் படுக்க வேண்டிய நாள் அதற்கு மூன்று நாள் கழித்து.

எங்கள் தோட்டத்தில் ஆயுதபூசைக்கு ஒரு முறை உண்டு. வேலை செய்யும் சாமான் எதுவும் அன்று நின்றுகொண்டிருக்கக் கூடாது. கவ்வாத்துக் கத்தி, மண்வெட்டி, அலவாங்கு எல்லாவற்றையும் கழுவி, பொட்டு வைத்து, சாமி படத்துக்கு முன்னால் படுக்க வைத்துவிடுவார்கள். வருடம் முழுக்க நின்றவை அன்று உறங்க வேண்டும். மறுநாள் காலை எலுமிச்சம்பழம் வெட்டும் வரைக்கும் யாரும் அவற்றை எழுப்பக் கூடாது. டிஸ்பென்சரியிலும் அப்படித்தான். தராசு, மருந்து அரைக்கும் கல், கத்தரிக்கோல், என் பேனா எல்லாம் ஒரு வெள்ளை வேட்டியின் மேல் கிடந்தன. ஸ்டார்ட் பெட்டி முந்திய இரண்டு வருடமும் அந்த வரிசையின் ஓரத்தில் பக்கவாட்டாகப் படுத்திருந்தது. இந்த வருடமும் அதே இடத்தில் சிவசாமியே அதைப் படுக்க வைத்தார். குளித்து, திருநீறு பூசி, இரண்டு கைகளாலும் பிள்ளையைக் கிடத்துவதுபோலக் கிடத்தினார். வெளியே பார்க்க அது அதே மஞ்சள் பெட்டிதான். அவர் கை பழைய ஞாபகத்தில் வேலை செய்தது. பார்த்துக்கொண்டிருந்த எங்களில் ஒருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. டிஸ்பென்சரி ஆயா அம்மாக்கண்ணு, சந்தனம் தொட்டு, மூடி பொருந்தும் ஓரத்தில் வரிசையாகக் குங்குமப் பொட்டு வைத்தார்.

மறுநாள் விடிந்தபோது மூடுபனி இறங்கியிருந்தது. முற்றத்திலிருந்து பாதை தெரியவில்லை. ஆறு மணிக்குப் பூரணிக்கு வலி கண்டது.

அவளை ஒரு கதிரையில் உட்காரவைத்து நான்கு பேர் தூக்கி வந்து வேனின் பின்பக்கம் படுக்க வைத்தார்கள். டிஸ்பென்சர் ஐயா பண்டிகைக்கு ஊருக்குப் போயிருந்தார். லொறி கொழும்பில். துரையின் ஜீப்பும் தோட்டத்தில் இல்லை. வாசலிலேயே எலுமிச்சம்பழத்தை வெட்டிப் போட்டுவிட்டுச் சிவசாமி உள்ளே வந்தார். பெட்டியைத் தூக்க வந்தவரை அம்மாக்கண்ணு கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அண்ணே, இங்க பாருங்க. பொட்டு மஞ்சளாப் போயிருக்கு."

மூடியோரத்தில் வைத்த பொட்டுகள், கீழ்ப்பக்கம் இருந்த மூன்றும், சிவப்பு போய் வெளிர் மஞ்சளாக இருந்தன. பக்கத்தில் கிடந்த பூ கருகியிருந்தது. அறையில் ஏதோ புளித்த வாடை.

"சகுனம் சரியில்லண்ணே. நேத்து வச்சது நல்ல செவப்புக் குங்குமம். என் கையால வச்சேன்."

"மஞ்சத்தூள மாத்தி வச்சிருப்பீங்க. வழிய விடுங்க."

"சாமி முன்னால பொய் சொல்லுவேனா? ஒரு சூடத்தக் காட்டிட்டு எடுங்க."

"எம் மக அங்க துடிக்கிறா, நீங்க சூடம் காட்டச் சொல்றீங்க" என்று பேச்சியம்மா கத்தினார். மூவரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். குங்குமம் மஞ்சளிலிருந்து செய்வது என்றும், அசிட் பட்டால் அது மறுபடி மஞ்சளாகும் என்றும் நான் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். அந்தப் பாடம் என் நினைவுக்கு வந்துகொண்டுதான் இருந்தது. பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசி எனக்குப் பழக்கமில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் சிவசாமி பெட்டியை நிமிர்த்தி லைட்டைப் பார்த்தார். பச்சையாக எரிந்தது.

"எரியிதில்ல? அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு ஓடினார்.

ஒரு பகலும் ஓர் இரவும் படுத்துக் கிடந்ததில் அசிட் பாதிக்கு மேல் ஒழுகிப் பெட்டிக்குள்ளேயே தேங்கியிருந்தது. வெளியே போக ஓட்டை இல்லாத பெட்டிக்குள், பொறி பட்டால் வெடிக்கும் பெட்டரி வாயு அடைபட்டிருந்தது. இதெல்லாம் பிறகு அழகுமுத்து திறந்து பார்த்துச் சொன்னவை. சிவசாமி வேனின் முன் கதவைத் திறந்து, இருக்கைக்கு அடியில் இருந்த பெட்டரியில் கிளிப்புகளை மாட்டி, பெட்டியைத் தரையில் வைத்துக் குனிந்து, திருகியைத் திருப்பிவிட்டு, அப்படியே கையை உள்ளே நீட்டிச் சாவியைப் போட்டார். இஞ்சின் ஒரு சுற்றுச் சுற்ற முயன்றது. பெட்டி வெடித்தது.

தேங்காய் உடைத்தது போலத்தான் சத்தம். மேலே, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் கூடியிருந்தவர்கள், டிஸ்பென்சரியில் பூசைத் தேங்காய் உடைக்கிறார்கள் என்றே நினைத்தார்கள். நான் ஓடிப் போனபோது சிவசாமி தரையில் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்தியிருந்தார். கையிடுக்கில் நீர் வழிந்தது. ரத்தம் இல்லை. மஞ்சள் பிளாஸ்டிக் துண்டுகள் முற்றமெங்கும் கிடந்தன.

அம்மாக்கண்ணு வாளியைத் தூக்கி வந்து அவர் தலையைப் பின்னால் சாய்த்து ஊற்றினார். வலது கண் செந்நிறமாக இருந்தாலும் திறந்தது. இடது கண் திறக்கவில்லை. இமையை விரித்தபோது உள்ளே வெள்ளையாக, வெந்த முட்டை போல இருந்தது.

"அரை மணித்தியாலம் விடாம ஊத்தணும்ணே. ஐயா அப்பிடித்தான் சொல்லிக் குடுத்திருக்காரு. அசையாதீங்க."

"மணி என்ன?"

"ஆறே முக்கா" என்றேன்.

"ரெண்டு வாளி ஊத்துங்க. அதுக்குள்ள ஆளுகளக் கூப்பிட்டு வண்டியத் தள்ளச் சொல்லு பாப்பா."

"கண்ணு போயிரும்ணே!"

"ஊத்துங்கன்னேன்."

நான் படியேறி ஓடிப் பெரட்டுக் களத்தில் சொன்னேன். கூடைகளைப் போட்டுவிட்டுப் பெண்கள்தான் முதலில் இறங்கினார்கள். முப்பது பேருக்கு மேல் இருக்கும். ஈரமண்ணில் வெறுங்காலை ஊன்றி, தோளைக் கொடுத்து, அந்த வேனை முற்றத்திலிருந்து பாதைக்கு ஏற்றினார்கள். இரண்டு முறை பின்னால் சரிந்தது. இரண்டு முறையும் யாரோ மரக்கட்டையைச் சில்லுக்கு அடியில் கொடுத்தார்கள். உள்ளே பூரணி படுத்திருந்தாள். அப்பாவுக்கு நடந்தது அவளுக்குத் தெரியாது. "என்னம்மா சத்தம்?" என்று கேட்டபோது பேச்சியம்மா "டயரு" என்று மட்டும் சொன்னார்.

சிவசாமி ஈரத் துண்டை இடது கண்ணுக்கு மேல் இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்தார். ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளக் கையைக் கொண்டுபோய், பாதியில் நிறுத்திவிட்டார்.

"பாப்பா, நீ முன்னுக்கு வா. ரோட்டு ஓரம் எங்கன்னு சொல்லிக்கிட்டே இரு. இடது பக்கம் எனக்கு ஒண்ணுமே இல்ல."

இறக்கத்தில் இஞ்சின் பிடித்தது. பின்னால் பேச்சியம்மாவும் அம்மாக்கண்ணும் பூரணியின் இரு பக்கமும் இருந்தார்கள். நான் கண்ணாடிக்கு வெளியே தலையை நீட்டிப் பாதையின் ஓரத்தைப் பார்த்தேன். எங்கள் பாதையின் இடது பக்கம் பெரும்பாலும் பள்ளம். மூடுபனியில் பள்ளமும் பாதையும் ஒரே நிறத்தில் இருந்தன.

"ஒரு அடி இருக்கு மாமா. அரை அடி. வலது பக்கம் எடுங்க. எடுங்க!"

"கத்தாத. அவ பயந்துருவா. மெதுவாச் சொல்லு."

அதற்குப் பிறகு மெதுவாகவே சொன்னேன். லிந்துலையில் ஒரு பஸ் எதிரே வந்தபோது, ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடாமல் அவர் பிரேக்கை மிதிக்கப் பிந்திவிட்டார். பஸ்ஸின் பக்கக் கண்ணாடி எங்கள் கதவில் உராய்ந்துகொண்டு போனது. பஸ்காரர் சிங்களத்தில் கெட்ட வார்த்தை சொன்னார். சிவசாமி வண்டியை நேராக்கிக்கொண்டார். வலது கண்ணிலிருந்தும் நீர் வடிந்துகொண்டிருந்தது. நான் போத்தல் தண்ணீரில் துணியை நனைத்து அதைத் துடைத்தேன்.

"நிறுத்துங்கண்ணே, கொஞ்சம் கழுவிட்டுப் போவோம்" என்றார் அம்மாக்கண்ணு.

"நின்னா அவங்க திரும்ப எந்திரிப்பாங்களோ என்னவோ."

"அப்பா, யாருக்குக் கழுவணும்?" என்றாள் பூரணி.

"கண்ணாடிய சொல்றாங்க தாயி. பனி."

தலவாக்கலை தாண்டியதும் அவள் கத்த ஆரம்பித்தாள். நானுஓயா ஏற்றத்தில் அந்தச் சத்தம் நின்றது. நின்றது இன்னும் பயமாக இருந்தது. பின்னால் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. சிவசாமி எட்டு வருடத்தில் முதல் தடவையாக அந்த வண்டியை வேகமாக ஓட்டினார். எட்டு மணி தாண்டிச் சில நிமிடங்களில் ஆஸ்பத்திரி வாசலில் நின்றோம். பூரணியை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். ஒரு நர்ஸ் சிவசாமியைப் பார்த்து, "உங்களுக்கு என்ன?" என்று சிங்களத்தில் கேட்டார். அவர் கதவைக் காட்டினார்.

"என் மகள் உள்ளே போயிருக்கிறாள்."

"அதில்லை, கண்ணில்."

"அவள் வெளியே வரட்டும்" என்றார்.

நர்ஸ் அவரை விடவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஒரு குழாய்க்கு அடியில் உட்காரவைத்தார்.

பிள்ளையை வயிற்றை வெட்டி எடுத்தார்கள். பெண் பிள்ளை. முதலில் அழவில்லை, பிறகு அழுதது. பூரணிக்கு இரத்தம் ஏற்றினார்கள். சிவசாமியைக் கண்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். இடது கண்ணை ஒன்றும் செய்ய முடியாது, வந்து சேர இவ்வளவு நேரமானால் யாராலும் முடியாது என்றார்களாம்.

ஐந்தாம் நாள் அவர் கண்டியிலிருந்து நேராக நுவரெலியாவுக்கு வந்தார். கூட அழகுமுத்து இருந்தார். வார்டுக்கு வெளியே நாங்கள் காத்திருந்தோம்.

"ஆபீசுல பெட்டித் துண்டையெல்லாம் அள்ளிட்டுப் போயிட்டாங்க மச்சான். யாரு பெட்டரிய மாத்துனதுன்னு கேக்குறாங்க."

"நீ என்ன சொன்ன?"

"ரெண்டு பேருன்னு சொன்னேன். மூணாவது ஆளு சாமின்னும் சொல்லலாம்னு பாத்தேன், வெசாரிக்க வந்த கண்டாக்கு ஐயா மூஞ்சி சரியில்ல."

சிவசாமி சிரிக்கப் பார்த்தார். கட்டுப்போட்ட பக்கம் இழுத்து வலித்திருக்க வேண்டும்.

பூரணிக்கு அதுவரை யாரும் சொல்லியிருக்கவில்லை. கட்டைப் பார்த்ததும் அவள் எழுந்திருக்கப் பார்த்தாள், தையல் விடவில்லை.

"என்னப்பா இது?"

"தூசி விழுந்திருச்சு. டொக்டருமாரு பெருசாக் கட்டிட்டாங்க."

அவள் தாயைப் பார்த்தாள். பேச்சியம்மா ஜன்னலைப் பார்த்தார். பூரணி பக்கத்தில் கிடந்த பிள்ளையைத் துணியோடு தூக்கி அவரிடம் நீட்டினாள்.

சிவசாமி இரண்டு கைகளையும் நீட்டினார். கைகள் பிள்ளைக்கு ஒரு சாண் முன்னாலேயே வெறுங்காற்றில் மூடிக்கொண்டன. அவர் மறுபடி நீட்டினார். இந்தமுறை விரல்கள் துணியின் ஓரத்தில் இடித்தன. பூரணி பிள்ளையை விடாமல் பிடித்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தாள். கைகளை மெதுவாக இறக்கிவிட்டு, அவர் கட்டிலின் விளிம்பைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தார்.

"நீயே வச்சிரு தாயி" என்றார். "நான் நல்லா உக்காந்த பெறகு, மடியில கொண்டாந்து வையி."